முதியோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்துக்குப் பின் மாதக்கூட்டங்கள் வழமைபோல் நடந்தன. மழைக்காலத்தில் ஒன்று வெள்ளத்தால் தள்ளிப்போனது. சிரமதானமும் திருவிழாத் தண்ணீர்ப்பந்தலும் குறையில்லாமல் முடிந்தன. மண்டபக் கூரை இன்னும் ஒழுகுகிறது. அதைப் பேசாத கூட்டமே இல்லை என்பதால் இங்கே விடுகிறேன். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

நோயாளர் உதவிப் பணத்தில் பெரும்பகுதி ஒரே உறுப்பினருக்குப் போனது ஏன் என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அவரிடம் சம்மதம் வாங்கி, பெயரை விட்டு எழுதுகிறேன்.

வேளாண்மை வெட்டுக் காலத்தில் அந்த அம்மாவுக்குக் கணுக்காலுக்கு மேலே ஒரு கொப்புளம் வந்தது. முள் குத்தியதாக்கும் என்று பச்சிலை வைத்துக் கட்டினார். அது உடைந்து புண்ணாகி, நாளுக்கு நாள் அகன்றது. புண்ணின் அளவுக்கும் நோவுக்கும் சம்பந்தமே இல்லை. சேலை விளிம்பு பட்டாலே துடித்துப்போவார். ஒரு தனியார் இடத்தில் அழுகிய தசை என்று வெட்டித் துப்புரவாக்கினார்கள். புண் இன்னும் பெருத்தது. திரும்பவும் வெட்டினார்கள், திரும்பவும் பெருத்தது. காலை எடுக்கவேண்டி வரலாம் என்ற கதையும் வந்தது. அவருக்குச் சீனி வியாதிகூட இல்லை.

அப்புறம்தான் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக். வைத்தியர் புண்ணின் நடுவைவிட ஓரத்தைத்தான் அதிக நேரம் பார்த்தாராம். ஓரம் கத்தரிப்பூ நிறத்தில், அடியில் குடைந்து, மேலே தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு வயிற்றோட்டத்தில் இரத்தம் போகிறதா, காலையில் விரல் மூட்டுகள் இறுகுமா என்று கேட்டார். மூட்டு இறுக்கம் பல வருடமாக இருந்தது. புண்ணைப் பார்க்க வந்த இடத்தில் மூட்டை ஏன் கேட்கிறார் என்று மகளுக்குச் சலிப்பு!

நோயின் பெயர் பயோடெர்மா கேங்கிரினோசம். 1930 இல் அமெரிக்க வைத்தியர்கள் கிருமித் தொற்று என்று எண்ணி வைத்த பெயர். உண்மையில் இது தொற்றும் அல்ல, தசை அழுகலும் அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி, வெள்ளணுக்கள் தோலுக்குள் குவிந்து அதை அரிக்கின்றன. ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் குடல் அழற்சி, மூட்டுவாதம், இரத்த நோய் போன்ற ஒன்று கூடவே இருக்கும். தோலில் காயம் பட்டால் நோய் கிளர்ந்தெழும். வெட்ட வெட்டப் பெருத்தது அதனால்தான்.

இதை உறுதிப்படுத்த ஒரேயொரு பரிசோதனை கிடையாது. மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கவேண்டும். ஓரத்திலிருந்து சிறு துண்டெடுத்துப் பயொப்சி செய்தார்கள். காசம், வயல் சேற்றில் வரும் மெலியோய்டோசிஸ், மணல் ஈயால் வரும் லீஷ்மேனியா எல்லாம் இல்லை என்று பார்த்தார்கள். காரணம், சிகிச்சை எதிர்ப்புச் சக்தியை அடக்குவது. உள்ளே கிருமி இருந்தால் வினையாகிவிடும்.

பிரெட்னிசொலோன் குளிசை கொடுத்தார்கள். நோவு ஒரு கிழமைக்குள் குறைந்தது, புண் ஆற மாதங்கள் எடுத்தன. 2015 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் 121 பேருக்கு இந்தக் குளிசையோ, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான சைக்ளோஸ்போரினோ கொடுத்துப் பார்த்தார்கள். எதைக் கொடுத்தாலும் ஆறு மாதத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கே ஆறியது. திரும்ப வருவதும் உண்டு. குளிசையைத் தாமாக நிறுத்தக்கூடாது. சீனியும் பிரஷரும் ஏறலாம். அதனால்தான் அத்தனை கிளினிக் நாட்கள்: குருமண்வெளிக்கு வாவியைக் கடக்கும் பாதைப் படகில் ஏறி, அங்கிருந்து பஸ், நடக்க முடியாத நாட்களில் ஓட்டோ. பணம் போன வழி அதுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். குட்டம், ஒட்டும் என்று பேசி, பந்தியில் அவருக்குப் பக்கத்தில் இருக்காமல் எழும்பியவர்கள் நம்மிலும் இருந்தார்கள். எனக்கு அது மருந்துச் செலவைவிடப் பெரிய விசயமாகப் பட்டது. இந்த நோய் ஒட்டாது. மாதக்கூட்டத்தில் வைத்தியர் ஒருவர் வந்து இதைச் சொன்ன பிறகு கதை ஓரளவு அடங்கியது.

இப்போது புண் மூடி, சல்லடைத் துளைபோல் தழும்பு மட்டும் உண்டு. இனி எந்தச் சத்திரசிகிச்சைக்கும் முன் இந்த நோயைச் சொல்லவேண்டும் என்று கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

வரும் ஆண்டிலும் அவரது பயணச் செலவைத் தொடரவும், ஆறாத புண் உள்ள எந்த உறுப்பினருக்கும் கிளினிக் போகும் செலவைக் கொடுக்கவும் நிர்வாக சபை தீர்மானம் ஒன்றைக் கொண்டுவருகிறது. முன்மொழிய ஒருவரும் வழிமொழிய ஒருவரும் வேண்டும்.

செயலாளர்