கம்பஸால் எங்களுக்கு என்ன லாபம்? செயலாளரின் ஆண்டறிக்கை

போசகர் ஐயா, தலைவர், நிருவாகசபையினர், அங்கத்தவர்கள், உள்ளே கதிரை இருந்தும் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருப்பவர்கள், எல்லோருக்கும் வணக்கம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார், நான் அதைத் தொடப்போவதில்லை. வாசிகசாலைக் கூரைக்குத் தகடு மாற்றியது, சிரமதானம், பொங்கல் விளையாட்டுப்போட்டி எல்லாம் நடந்தன, நீங்களும் பார்த்தீர்கள். மழைக்குத் தள்ளிப்போட்ட கரப்பந்துப் போட்டி மட்டும் இன்னும் பாக்கி. மிச்ச நேரத்தை நான் ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த வருடம் கூட்டத்துக்குக் கூட்டம் நாங்கள் கதைத்ததும் சண்டை பிடித்ததும் அதைப் பற்றித்தான். கம்பஸ், அதாவது கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம்.

தொடக்கம் சித்திரைக் கூட்டத்தில். அங்கத்தவர் ஒருவர் எழும்பி, "அங்க படிக்கிறது கூடுதலாக வெளி மாவட்டப் பிள்ளைகள், என்ர மகளுக்கு இடம் கிடைக்கேல்லை, பிறகு அந்தக் கம்பஸ் இஞ்ச இருந்தென்ன, இல்லாட்டில் என்ன?" என்று கேட்டார். கேள்வியில் பிழையில்லை. ஆனால் கோணேசபுரியில் வளாகம் இருக்கிறது என்பதற்காக நிலாவெளிப் பிள்ளைக்கு அங்கே இடம் என்று எந்த விதியும் கிடையாது. பல்கலைக்கழக அனுமதியில் பொதுவாக 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமைப்படி, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. உயர்தரப் பரீட்சை முடிவை வைத்துப் போடும் இசட் புள்ளி எங்கே தள்ளுகிறதோ அங்கேதான் பிள்ளை போகும். எங்கள் பிள்ளை பேராதனைக்குப் போகிறது, குருநாகல் பிள்ளை இங்கே வருகிறது. ஆகவே "எத்தனை பேருக்கு இடம்" என்ற கணக்கில் மட்டும் பார்த்தால் இந்தச் சண்டை எப்போதும் தீராது.

வந்த வழியையும் ஒருக்கால் நினைவுபடுத்துகிறேன், இளம் அங்கத்தவர்களுக்குத் தெரியாது. 1993 இல், சண்டைக் காலத்துக்கு நடுவில், இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. 2001 இல்தான் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் ஆனது. தாய்ப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில், 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் முழுப் பல்கலைக்கழகமானது. மொழி, தொடர்பாடல், வணிகம், கணினி, சித்த மருத்துவம் என்று எங்களிடம் இருப்பது சின்ன இடம்தான். பெரிய கட்டடங்களை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார்.

சரி, லாபம் என்று கேட்டால் முதலில் எல்லோருக்கும் தெரிவது காசு. அதில் ஒரு விஷயத்தை ஆட்கள் கவனிப்பதில்லை. எங்கள் ரோட்டில் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று வீசும் காலம்தான் சீசன், வெள்ளைக்காரரும் தெற்கத்திச் சனமும் வருவது அப்போதுதான். கார்த்திகையில் வாடை தொடங்கி மழை பிடித்தால் ஹோட்டல்காரர் கதிரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த மாதங்களில் சோற்றுப் பார்சல் கட்டுபவர், போட்டோகொப்பிக் கடைக்காரர், ஓட்டோக்காரர், ரீலோட் போடுகிறவர் எல்லோரும் கம்பஸ் பிள்ளைகளை நம்பித்தான் கடையைத் திறக்கிறார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர் வராமல் போனது நினைவிருக்கும். கொரோனாவில் கம்பஸும் மூட, இரண்டு பக்கமும் அடி விழுந்தது, அதையும் மறைக்கத் தேவையில்லை.

இங்கேதான் வீட்டுக்காரர்கள் என்னோடு கோபிக்கப் போகிறீர்கள். மழைக்காலம் முழுக்க ஒரு அறைக்குள் நாலு கட்டிலை அடுக்கி வாடகை வாங்கிவிட்டு, சீசன் தொடங்கியதும் "தம்பி, பெயின்ற் அடிக்கப் போறம், ரெண்டு மாதம் வேற இடம் பாருங்கோ" என்று சொல்வது எங்கள் பகுதியில் வழக்கமாகிவிட்டது. பெயின்ற் அடிக்கிறதும் இல்லை, அடுத்த கிழமை அந்த அறைக்கு ஏசி பூட்டி வெளிநாட்டுக்காரரை விடுகிறார்கள். இந்த வருடம் சோதனைக்கு நடுவில் பெட்டியோடு ரோட்டுக்கு வந்த இரண்டு மாணவிகளை எங்கள் மகளிர் அணி அக்காமார்தான் தங்கள் வீட்டில் வைத்திருந்து சோதனை எழுத வைத்தார்கள். அக்காமாருக்கு நன்றி. அந்த வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லப்போவதில்லை, அவரும் இங்கேதான் இருக்கிறார்.

அப்புறம் காசில்லாத லாபம். என் கணக்கில் அதுதான் பெரியது.

எங்கள் ஒழுங்கையில் பரம்பரை வைத்தியர் ஐயா ஒருவர் இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது. அவருடைய தகப்பன் எழுதிய கொப்பி ஒன்று, மட்டை போய், கறையான் ஓரம் தின்று, தலையணை உறைக்குள் சுற்றி வைத்திருந்தார். சித்த மருத்துவம் படிக்கும் இரண்டு பிள்ளைகள், ஒன்று கல்முனை, மற்றது வவுனியா, சனிக்கிழமைகளில் வந்து அதைப் படியெடுத்தார்கள். எழுத்தை விட அளவுதான் அவர்களைப் படுத்தியது. பலம், கழஞ்சு, வராகனெடை என்று இருக்கும், அவர்கள் கையில் இருப்பதோ கிராம் தராசு. பாடத்தில் ஒரு பலம் 35 கிராம். ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே போய்த் தன் பித்தளைத் தராசையும் படிகளையும் எடுத்துவந்து, புளி போட்டு மினுக்கி, திப்பிலியை நிறுத்துக் காட்டினார். இரண்டுக்கும் சின்ன வித்தியாசம் இருந்தது. பிள்ளைகள் வாக்குவாதப்படவில்லை, இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள். ஐயாவின் சொந்தப் பிள்ளைகள் மூன்று பேரும் கனடாவில். கம்பஸ் இல்லையென்றால் அந்தக் கொப்பி கறையானுக்குத்தான் போயிருக்கும்.

மொழி படிக்கிற பிள்ளைகளைப் பற்றி "தமிழும் இங்கிலீசும் படிச்சு என்ன செய்யப் போகுதுகள்" என்று நக்கல் அடிப்பவர்கள் உண்டு. வைகாசி மாதம் காணி விஷயமாக எங்கள் அங்கத்தவர் அம்மா ஒருவருக்குச் சிங்களத்தில் மட்டும் ஒரு கடிதம் வந்தது. எந்த அலுவலகம் என்பதை விடுவோம். தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் 13 ஆவது திருத்தத்தில் எழுதியாகிவிட்டது, கடிதம் மட்டும் இன்னும் அப்படித்தான் வருகிறது. வாசிகசாலையில் பேப்பர் பார்க்க வந்த மொழித்துறைப் பெடியன் ஒருவனும் அவனுடைய குருநாகல் நண்பனும் இருந்து, வரிக்கு வரி வாசித்து, பதில் கொடுக்க இருபத்தொரு நாள்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அன்றைக்கே பதிலும் எழுதிக் கொடுத்தார்கள். அம்மா அவர்களுக்குக் கொடுத்தது ஒரு சட்டி கணவாய்க் கறி. அந்தக் குருநாகல் பெடியனுக்கு இப்போது எங்கள் சந்தையில் மீன் விலை பேசுகிற அளவுக்குத் தமிழ் வந்துவிட்டது, எனக்கு அவனிடம் பழகியும் சிங்களம் அவ்வளவு வரவில்லை.

வாசகர் வட்டத்தில் ஆடி மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வெளிநாடுகளில் சின்ன ஊர்களில் இருக்கும் அரச கலைக் கல்லூரிகளைப் பற்றிக் கதைத்தார். கலை, விஞ்ஞானம், மொழி எல்லாவற்றையும் கலந்து படிப்பிக்கும் சின்னக் கல்லூரிகள் அவை. அவர் சொன்னதில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து மொரிஸ் என்ற ஊர் எனக்குப் பிடித்துக்கொண்டது. சோளமும் சோயாவும் விளையும் சமவெளி, ஊரில் ஐயாயிரம் பேரளவில்தான். 1887 இல் அங்கே பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று விடுதிப் பாடசாலை தொடங்கினார்கள். அந்த மாதிரிப் பாடசாலைகள் பிள்ளைகளின் மொழியையும் வழக்கத்தையும் பிடுங்கத்தான் நடந்தன, நல்ல கதை இல்லை. 1909 இல் அந்த இடத்தை மாநிலத்துக்குக் கொடுக்கும்போது, பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு அங்கே கட்டணம் வாங்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். இடையில் விவசாயப் பாடசாலையாக இருந்து, 1960 இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் வளாகமானது. நிபந்தனை இன்றைக்கும் ஓடுகிறது. யார் அதிபராக வந்தாலும் போனாலும் ஓடும், ஏனென்றால் எழுத்தில் இருக்கிறது.

எங்களிடம் இல்லாதது அதுதான். மேலே நான் சொன்ன எல்லாம் யாரோ நல்ல பிள்ளை இரண்டு பேர் தற்செயலாக வந்ததால் நடந்தவை. அவர்கள் படிப்பு முடித்துப் போனால் அதுவும் போய்விடும். எங்கள் பக்கமும் அதே கதை, நல்ல வீட்டுக்காரர் கிடைத்த மாணவி தப்பினாள், கிடைக்காதவள் ரோட்டில் நின்றாள்.

ஆகவே நிருவாகசபை மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறது. ஒன்று, அறை வாடகைக்குக் கொடுக்கும் அங்கத்தவர்கள் கல்வியாண்டு முழுவதற்கும் எழுத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டும், முற்பணமும் தண்ணீர், கரண்ட் பில் பங்கும் அதில் இருக்க வேண்டும், படிவத்தைச் சங்கம் தரும். இதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும், வரட்டும், இங்கேயே கதைப்போம். இரண்டாவது, வாசிகசாலையில் ஞாயிறு காலையில் கடிதமேசை, அதாவது சனத்துக்கு வரும் கடிதங்களை வாசித்துப் பதில் எழுதிக் கொடுக்கும் மேசை, மொழித்துறை மாணவர்களோடு சேர்ந்து. அவர்களுக்குப் பயிற்சிச் சான்றிதழ் கிடைக்க வழியுண்டா என்று வளாகத்திடம் கேட்போம், கணவாய்க் கறியை மட்டும் நம்பி வருடம் முழுக்க ஓட்ட முடியாது. மூன்றாவது, வளாக நூலகம் அங்கே படிப்பவர்களுக்கானது, அது நியாயம்தான், ஆனால் எங்கள் உயர்தரப் பிள்ளைகள் சனிக்கிழமையில் இருந்து வாசிக்க மட்டும் அனுமதி கேட்டு முறைப்படி கடிதம் கொடுப்போம். வரைவு தயார், தலைவர் கையெழுத்து வைத்தால் திங்கட்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்கி வருவேன்.

சித்திரையில் கேள்வி கேட்டவரின் மகள் இப்போது யாழ்ப்பாணத்தில் படிக்கிறார், விடுமுறைக்கு வந்தபோது ஒரு ஞாயிறு கடிதமேசைக்கு வர ஒத்துக்கொண்டிருக்கிறார்.

முதல் தீர்மானத்தை முன்மொழியவும் வழிமொழியவும் ஆள் வேண்டும். வீட்டுக்காரர்களில் ஒருவராவது முன்மொழிந்தால் நல்லது. வாசலில் நிற்பவர்கள் உள்ளே வந்தால்தான் கை எண்ண முடியும்.

செயலாளர்