செயலாளர் ஆண்டறிக்கை: மடு முகாமும் இரவல் கிடாரமும்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாக சபையினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எங்கள் சனசமூக நிலையத்தின் மாதாந்தக் கூட்டங்கள் 12இல் 11 நடந்தன. மார்கழிக் கூட்டம் மழையோடு போய்விட்டது. வீதியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது எல்லாருக்கும் தெரியும். சிரமதானம் 3 தடவை செய்தோம். வாசிகசாலைக்குப் பத்திரிகை ஒழுங்காக வருகிறது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மிச்ச நேரத்தை மடு முகாமுக்கே எடுத்துக்கொள்கிறேன். ஊரில் அந்தக் கதைதான் இன்னும் ஓயவில்லை.

ஆவணி (ஓகஸ்ட்) 15, மன்னார் மடுத் தேவாலயத்தின் மடுமாதா திருவிழாவுக்கு இம்முறை 43 பேர் போய் நான்கு நாள் மரத்தடியில் தங்கினோம். வேதக்காரரும் (கிறிஸ்தவர்கள்) சைவருமாகத்தான் போனோம். மடுவுக்கென்றால் எங்கள் ஊரில் அந்தப் பிரிவினை கிடையாது. விரதகாரர் இருந்தபடியால் நான்கு நாளும் மரக்கறிதான். தறப்பாள் கட்டுவதில் ஒரு பிரச்சினையும் இல்லை. 2009 இறுதிப் போரில் இடம்பெயர்ந்த சனத்துக்குத் தறப்பாள் கட்ட யாரும் பழக்கத் தேவையில்லை. கூடாரத்துக்கு மூன்று கூட்டம் வைத்துக் கதைத்த நாங்கள், சமையலைப் பற்றிப் பத்து நிமிடம்கூடக் கதைக்காமல் போனோம். அதுதான் பிழை.

முதல் நாள் இரவு மூன்று பெரிய கல் வைத்து, இரவல் வாங்கிய பெரிய சமையல் பாத்திரமான கிடாரத்தை ஏற்றினோம். சோளகக் காற்று அடித்த அடியில் நெருப்பெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கிடாரத்தின் ஒரு பக்கத்தில் சோறு அடிப்பிடித்து மணத்தது. மற்றப் பக்கத்தில் அரிசி அரிசியாகவே கிடந்தது. அதுவும் எல்லாருக்கும் போதவில்லை. வீட்டுக் கணக்கில் கிலோவுக்குப் பத்துப் பேர் என்று நாலரைக் கிலோ போட்டிருந்தோம். நாள் முழுக்க வெயிலில் திரிந்து வந்தவர்கள் வீட்டில் சாப்பிடுவது போலவா சாப்பிடுவார்கள்? கடைசியாக வந்த ஆறு பேருக்குப் பிளேன்ரீயும் பிஸ்கட்டும்தான். அந்த ஆறு பேரில் நானும் ஒருவன். ஆகவே இதை வயிறு எரிந்தே எழுதுகிறேன்.

அடுத்த நாள் விடியப் பெரியம்மா ஒருவர் மண்வெட்டியை எடுத்தார். காற்று வரும் பக்கம் வாய் வைத்து, ஒரு முழ ஆழத்தில் நீளமாகக் கிடங்கு வெட்டுவித்தார். கிடாரம் அதன்மேல் இருந்தது. பின் பக்கம் புகை போக ஒரு சின்ன இடைவெளி. முதல் நாள் எங்களைக் கெடுத்த அதே காற்று இப்போது ஊதுகுழல் வேலை பார்த்தது. விறகும் முந்தின நாளில் பாதிதான் முடிந்தது. கிடாரத்தை ஏற்ற முன்னர் அதன் வெளிப்புறம் முழுக்கச் சாம்பலைக் குழைத்துப் பூசச் சொன்னார். பின்னேரம் கழுவும்போது கரி கையோடு வந்தது. தண்ணீரைக் குடத்தில் சுமந்து வந்து பாத்திரம் கழுவியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அரிசியை ஏழு கிலோவாக்கினோம். அவ்வளவு பெரிய கிடாரத்தைச் சரித்துக் கஞ்சி வடிக்க முடியாது. ஓட்டை உள்ள பெரிய அகப்பையான கண்ணகப்பையால் சோற்றை அள்ளிக் கடகத்தில் (ஓலைப்பெட்டி) போட்டு வடியவிட்டோம். வடிந்த கஞ்சிக்கு உப்புப் போட்டுக் குடிக்கவும் ஆள் இருந்தது. பருப்பு, மைசூர்ப் பருப்புத்தான். ஊறப்போடும் வேலையில்லை, கெதியில் அவியும். ஆனால் மத்தியானம் தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சிய பருப்பில் மிச்சத்தை இரவுக்கு வைத்தோம், அது புளித்துப்போனது. அதற்குப் பிறகு பால் கறி மத்தியானத்தோடு சரி. இரவுக்குப் புளி விட்ட கத்தரிக்காய்க் குழம்பு. காலையில் தேங்காய்ப்பூப் போட்ட ரொட்டியும் கட்டைச் சம்பலும்.

கடைசி இரவு, காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ். மீன் இல்லாத கூழும் ஒரு கூழா என்று கேட்டவர்கள்தான் மூன்றாம் தடவையும் வந்தார்கள். மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை, கீரை எல்லாம் ஒரே கிடாரத்தில். ஒடியல் மாவை ஊறவிட்டு, மேல் தண்ணீரை இரண்டு தரம் ஊற்றிக் கைப்பு எடுத்து, புளியும் செத்தல் மிளகாயும் சேர்த்துக் கரைத்து விட்டார்கள். பனையோலையை மடித்துப் பிளா என்ற குடிக்கும் ஏனம் கோலி, நிலத்தில் இருந்து குடித்தோம். குடித்து முடிய இஞ்சி போட்டுத் தேநீர் வைக்கப் போன தம்பியைப் பெரியம்மா விடவில்லை. மரவள்ளி போன வயிற்றுக்கு இஞ்சி ஆகாதாம். வெறும் தேநீர்தான் கிடைத்தது.

1670இல் ஒல்லாந்தருக்குப் (டச்சுக்காரர்) பயந்து, மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தோடு 20 கத்தோலிக்கக் குடும்பங்கள் வெளிக்கிட்டுக் கடைசியில் மடுவுக்கு வந்தன என்பார்கள். அவர்களும் இப்படிக் காட்டு மரத்தடியில்தானே உலை வைத்திருப்பார்கள் என்ற கதை அன்றிரவு வந்தது. அவர்களுக்கு யார் கிடாரம் இரவல் கொடுத்தார்களோ தெரியாது. எங்களுக்குக் கொடுத்தவர்கள் மூடியை மாறித் தந்துவிட்டார்கள். நான்கு நாளும் தகரத் துண்டால் மூடித்தான் சமாளித்தோம்.

எனவே சொந்தமாக ஒரு கிடாரமும் அதற்குப் பொருந்தும் மூடியும் வாங்கச் சபையின் அனுமதியைக் கேட்கிறேன். அடுத்த முகாமுக்குச் சமையற் குழுவை ஆடியிலேயே தெரிவு செய்ய வேண்டும். அதில் இரண்டு ஆண்களாவது இருக்க வேண்டும். இம்முறை நாங்கள் விறகு கொத்தியதோடு சரி.

முகாமிலிருந்து வந்த சாமான்களில் பெரிய கண்ணகப்பை ஒன்று இன்னும் நிலையத்துக்கு வந்து சேரவில்லை. யார் வீட்டில் இருந்தாலும் தைப்பொங்கலுக்கு முன் கொண்டுவந்து தரவும். பெயர் கேட்கமாட்டோம்.