சாக்குத் துணியில் தைத்த ஏப்ரன்

செயின்ட் லூயிஸ், மிசூரி

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இங்கே அவரும் பிள்ளைகளும் நானும் நலம். "சனிக்கிழமையானால் பழைய துணி வாங்கக் கிளம்பிவிடுகிறாளாமே, அப்படி என்ன குறை வந்துவிட்டது?" என்று கேட்டீர்களாம், அம்மா சொன்னாள். குறை ஒன்றுமில்லை அத்தை. நான் வாங்குவது ஏப்ரன். சமைக்கும்போது உடுப்பின் மேல் கட்டிக்கொள்வது. அதுவும் கடைச் சரக்கு அல்ல, அறுபது எழுபது வருடங்களுக்கு முன் இந்த ஊர்ப் பெண்கள் வீட்டு மெஷினில் தைத்தவை. பாதி ஊருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்த உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

இங்கே வயதானவர்கள் இறந்துவிட்டாலோ முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாலோ, வீட்டைத் திறந்துவிட்டுக் கரண்டி முதல் கட்டில் வரை விலைச்சீட்டு ஒட்டி விற்கிறார்கள். முன்பின் தெரியாதவர் அலமாரியைக் குடைவதற்கு முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது இல்லை. மற்றவர்கள் பீங்கானுக்குப் போட்டி போடும்போது நான் நேரே சமையலறை இழுப்பறைக்குப் போய்விடுவேன். நாலைந்து டாலருக்கே நல்லதாகக் கிடைக்கும்.

இருப்பதில் எனக்கு உயிர், சாக்குத் துணியில் தைத்த ஒன்றுதான். சணல் என்று நினைத்துவிடாதீர்கள், சுத்தப் பருத்தி. அந்தக் காலத்தில் மாவு, சர்க்கரை, கோழித் தீவனம் எல்லாம் துணிப்பையில்தான் வந்தன. பெண்கள் பையைப் பிரித்து உடுப்பு தைக்கிறார்கள் என்று தெரிந்ததும், ஆலைக்காரர்களே பூவும் கட்டமும் போட்ட துணியில் பை தைக்கத் தொடங்கிவிட்டார்கள். 1920களின் நடுவில் எங்கள் செயின்ட் லூயிஸ் ஆலை ஒன்று 'கிங்காம் கேர்ள்' என்ற மாவைக் கட்டம் போட்ட பையில் விற்றது; கிங்காம் என்றாலே கட்டம் போட்ட துணிதான். சாமர்த்தியசாலிகள்! நூறு பவுண்டு, அதாவது 45 கிலோ பிடிக்கும் பையைப் பிரித்தால் ஒரு கஜத்துக்குச் சற்று மேல் துணி தேறும். கவுனுக்கு மூன்று பை வேண்டும். தீவனம் வாங்கப் போகும் கணவனிடம் துண்டுத் துணியைக் கொடுத்து, இதே பூவாகப் பார்த்து எடுத்து வரச் சொல்வார்களாம். ஏப்ரனுக்கு ஒரு பையே போதும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காகிதப் பை மலிவாகிவிட, இதெல்லாம் மெல்ல நின்றுபோயிற்று.

சாக்குத் துணியை அடையாளம் காண ஒரு வழி உண்டு. ஓரத்தில் பெரிய ஊசித் துளைகள் வரிசையாக இருக்கும். நம் அரிசி மூட்டையின் வாயில் நூல் முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று பிரியுமே, அதே சங்கிலித் தையல்தான். நூல் போனாலும் துளை போகவில்லை. என்னுடையதில் நீலச் சிறு பூக்கள். வலப்பக்கம் மட்டும் கை விட்டுக்கொள்ள ஒரு பை, அதாவது பாக்கெட். அதை ஒட்டியிருக்கும் நேர்த்தியைப் பாருங்கள், கீழ்த் துணியின் பூவும் பையின் பூவும் இதழுக்கு இதழ் பொருந்துகின்றன. பையின் வாயில் நெளிநெளியாகச் சிவப்பு லேஸ். இடுப்புச் சுருக்கு மட்டும் ஒரு பக்கம் நெருக்கம், மறுபக்கம் தளர்ச்சி. பூவுக்கு அவ்வளவு பொறுமை காட்டியவள் சுருக்குக்கு ஏன் அவசரப்பட்டாள்? அடுப்பில் ஏதோ தீய்ந்திருக்கும்.

1950களில் மேலே மார்புத் துணி இல்லாத, இடுப்பு ஏப்ரன்கள் அதிகம். விருந்தாளி வந்தால் கட்ட ஆர்கண்டி என்ற மெல்லிய, விறைப்பான துணியில் தைத்ததும் உண்டு. எண்ணெய்க்கு அது எதற்கு ஆகும்? பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்கு முதல் தையல் பாடமே பெரும்பாலும் ஏப்ரன்தான் என்பதால் சிலவற்றில் தையல் குடித்தவன் நடை நடக்கிறது. அவற்றையும் வாங்கிவிடுவேன்.

சிலர் இவற்றைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. சாம்பார் தாளிக்கும்போது கட்டிக்கொள்ளத்தான் வாங்குகிறேன். மஞ்சள் கறையில் சோப்புப் பட்டதும் சிவந்துபோவதைக் கண்டு பக்கத்து வீட்டு அம்மாள் பதறிவிட்டார். துவைத்து இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டதும் வெளுத்துவிட்டது. இப்போது அவரே தன் மேஜைத் துணிக்கு என்னிடம் யோசனை கேட்கிறார்.

தம்பி வரும்போது சின்னாளப்பட்டி சுங்குடி இரண்டு மீட்டர் கொடுத்தனுப்புங்கள், அரக்கு நிறமாக. நெளி லேஸும் ஐந்து மீட்டர். ஓரம் மடித்து அடிக்க எத்தனை அங்குலம் விடலாம் என்று ஒரு வரி எழுதுங்கள். மாமாவுக்கு என் வணக்கம்.

உங்கள் அன்பு மருமகள்,
சுமதி