ஈயச்சொம்பும் உன் ரீலும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாளாகிறது. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, போகிறவர் வருகிறவர் எல்லோரையும் நிறுத்திக் கதை பேசுகிறார். நீ வீட்டில் பற்றவைத்த கடிகாரப் போர்டின் படத்தை அவரிடம் காட்டினேன். "நல்லாத்தானே இருக்கு" என்றார். பாங்கில் இருந்த மனுஷர், அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

போனில் சொல்லலாம் என்றால் உன் பெண் குறுக்கே வந்து போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

சென்னை ரிச்சி தெருவில் 60/40 லெட், அதாவது அறுபது பங்கு வெள்ளீயமும் நாற்பது பங்கு காரீயமும் கலந்த சால்டர் கம்பி, இரண்டு ரீல் வாங்கி, அக்கா வரும்போது கொடுத்தனுப்பச் சொன்னாய். தொழில் பதிவு இருக்கிறதா என்று கேட்டு அந்த ஜெர்மனி ஊர்க் கடையில் தர மறுத்துவிட்டார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டாய். அவர்கள் செய்தது சரிதான். 2018 மார்ச்சிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.3 சதவீதமும் அதற்கு மேலும் காரீயம் உள்ள சால்டரைச் சும்மா வீட்டு வேலைக்கு வாங்குகிறவர்களுக்கு விற்கக் கூடாது. நானும் வாங்கி அனுப்பப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் படம். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினொரு வருஷம் டச்-அப் லைனில் உட்கார்ந்திருந்த கண் இது. மெஷினில் ஈயக் குளியல் முடிந்து வருகிற டி.வி. போர்டில் எங்கே ஈயம் (சால்டரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) விட்டுப்போயிருக்கிறது, எங்கே சாமான்களின் இரண்டு கம்பிக்கால் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்வதுதான் எங்கள் வேலை. உன் கடிகாரப் போர்டில் மேல் வரிசை முழுக்க ஈயம் மிளகு மாதிரி உருண்டு நிற்கிறது. காலைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறதே தவிரச் செம்பில் பரவவில்லை. நல்ல ஜாயின்ட் கவிழ்த்து வைத்த புனல் மாதிரி இருக்கும்: அடியில் செம்போடு செம்பாகப் படிந்து, மேலே காலைப் பிடித்துக்கொண்டு மெலிந்து போகும். உருண்டையாக நின்றால் அது ட்ரை சால்டர். இன்றைக்கு ஓடும், நாளைக்கு மேசையைத் தட்டினால் நிற்கும்.

அந்த உருண்டைகளைக்கூட மன்னித்துவிடுவேன். கீழ் வரிசையில் நாலைந்து ஜாயின்ட் பளபளவென்று அழகாகப் பரவியிருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். படத்தின் ஓரத்தில் ஒரு டப்பா பாதி தெரிகிறது. மூடியில் தண்ணீர்க் குழாய் படம் போட்டிருக்கிறது. பக்கத்தில் கிடக்கிற ஈயக் கம்பியும் கம்பியாகவா இருக்கிறது? முறுக்குப் பருமன். நீ சாமான் கடையில் குழாய் வேலைக்காரர்கள் வாங்குகிற அலமாரியில் கைவைத்திருக்கிறாய். அந்தக் கம்பிக்குள் ஃப்ளக்ஸ், அதாவது களிம்பை எடுத்து ஈயத்தைப் பிடிக்கவைக்கிற சரக்கு, கிடையாது, உள்ளே வெறும் உலோகம். மேல் வரிசையை அதை மட்டும் வைத்துச் செய்தாய், பிடிக்கவில்லை. கீழ் வரிசைக்கு அந்த டப்பாவிலிருக்கிற ஃப்ளக்ஸ் பேஸ்ட்டைத் தொட்டு வைத்தாய், உடனே பிடித்துக்கொண்டது. சரிதானே?

பிடிக்கத்தான் செய்யும். செம்புக் குழாயில் இருக்கிற பாசி, களிம்பு எல்லாவற்றையும் அரித்துத் தின்கிற சரக்கு அது, பெரும்பாலும் துத்தநாகக் குளோரைடு கலந்தது. குழாயின் உள்ளே தண்ணீர் ஓடிக் கழுவிவிடும். போர்டை யார் கழுவுவது? நம் தெருவில் முன்பு ஒருவர் "பாத்திரத்துக்கு ஈயம் பூசறது" என்று கூவிக்கொண்டு வருவாரே, நினைவிருக்கிறதா? பித்தளை அண்டாவைக் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவி, வெள்ளைப் புகை கிளம்பும்போது ஈயத்தை வைத்துத் துணியால் ஒரு சுற்று சுற்றுவார். அந்த நவச்சாரமும் ஒரு ஃப்ளக்ஸ்தான். ஆனால் வேலை முடிந்ததும் அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுவோம்.

எனக்கு இது தெரிந்தது பட்டுத்தான். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது சமையலறை டிரான்சிஸ்டரில் பேட்டரி ஒயர் பிய்ந்துபோனது. கம்பெனியிலிருந்து ஃப்ளக்ஸ் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்திருக்கலாம், சோம்பல். பக்கத்து ஹார்டுவேர் கடையில் ஒரு சின்ன டப்பா பேஸ்ட் வாங்கி வைத்துவிட்டேன். அன்றைக்கு என்ன அழகாகப் பிடித்தது தெரியுமா! மழைக்காலம் முடிவதற்குள் ரேடியோ ஊமையாகிவிட்டது. திறந்து பார்த்தால் ஜாயின்ட் அப்படியே இருக்கிறது, அதற்கு ஒரு விரற்கடை தள்ளி ஒயர் அறுந்திருக்கிறது. மேலுறையைச் சீவினேன். உள்ளே செம்பு இழையே இல்லை, பச்சைப் பொடி கொட்டியது. பேஸ்ட் உறைக்குள் ஊறிப்போய், இருந்த இடத்திலேயே உட்கார்ந்து தின்றிருக்கிறது. தினம் டச்-அப் பண்ணுகிறவள் நான், வீட்டில் இப்படி. அப்பாவிடம் பேட்டரி தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் கழித்துச் சரிசெய்தேன்.

ஆகவே டப்பாவை மூடி, குழாய் ரிப்பேருக்கு என்று எழுதித் தனியாக வை. போர்டை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு சொட்டு விட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய். நல்ல தண்ணீரில் அலசு. பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றி இன்னொரு தடவை. பேட்டரி, பஸ்ஸர் எதையும் நீ இன்னும் மாட்டவில்லை, நல்லதாகப் போயிற்று. ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

அப்புறம் போர்டுக்கு என்ன ஃப்ளக்ஸ் என்று கேட்பாய். அக்காவின் வயலின் பெட்டியில் தேன் நிறத்தில் ஒரு கட்டி இருக்குமே, வில்லில் தேய்க்கிற ராசின், அதேதான். பைன் மரத்துப் பிசின். நீ சின்ன வயசில் கற்கண்டு என்று நக்கிப் பார்த்தாய். அதன் குணம் வேடிக்கையானது. சூட்டில் உருகும்போதுதான் அதிலிருக்கிற லேசான அமிலம் விழித்துக்கொண்டு செம்பின் களிம்பை எடுக்கும். ஆறினதும் கண்ணாடி மாதிரி இறுகி அமிலத்தைத் தனக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும். மின்சாரமும் அதில் ஓடாது. இந்தப் பிசினைக் கம்பிக்குள்ளேயே குழல் மாதிரி ஓடவிட்டு வருவதுதான் நமக்கு வேண்டிய ரீல். இங்கிலாந்தில் மல்டிகோர் என்று ஒரு கம்பெனி, ஒரே கம்பிக்குள் ஐந்து குழல் வைத்துச் செய்தது. எங்கள் சூப்பர்வைசர் அதில் ஒரு ரீலைச் சொந்தச் செலவில் வாங்கிப் பூட்டிய அலமாரியில் வைத்திருந்தார், அயல்நாட்டுச் சென்ட் பாட்டில் மாதிரி.

வாங்கும்போது எல்லோரும் உலோகத்தின் பெயரைப் பார்க்கிறார்கள். நீ அதைவிட ஃப்ளக்ஸ் எழுத்தைப் பார். சீட்டில் ஆர்.ஓ.எல்.0 அல்லது ஆர்.இ.எல்.0 என்று இருக்கும். முதல் இரண்டு எழுத்து எதனால் ஆனது என்பது: ஆர்.ஓ. என்றால் மரப்பிசின், ஆர்.இ. என்றால் மற்றப் பிசின், ஓ.ஆர். என்றால் பிசின் இல்லாத கரிம அமிலம், ஐ.என். என்றால் உப்பும் அமிலமும். மூன்றாவது எழுத்து வீரியம்: எல் குறைவு, எம் நடுத்தரம், எச் அதிகம். கடைசி எண் 0 என்றால் குளோரைடு வகையறா இல்லை அல்லது மிக மிகக் குறைவு, 1 என்றால் உண்டு. பழைய போர்டு, கறுத்த கால் என்றால் எம் வரைக்கும் போகலாம், துடைத்துவிட வேண்டும். ஓ.ஆர். வகையில் தண்ணீரில் கழுவியே ஆக வேண்டியவை நிறைய, அதனால் இப்போது வேண்டாம். ஐ.என். உன் குழாய் டப்பா ஜாதி.

நோ-க்ளீன் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடாதே. சூடுபட்டு வெந்த பகுதியைத் துடைக்காமல் விடலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். ஊசிக் குழலிலிருந்து தாராளமாகப் பிதுக்கி, பாதி வேகாமல் ஓரத்தில் நின்றால் அதைத் துடைக்கத்தான் வேண்டும். அப்படி ஒரு சின்ன ஜெல் குழலோ, பேனா மாதிரி வருகிற ஃப்ளக்ஸோ ஒன்று கூடுதலாக வாங்கி வை. எலெக்ட்ரானிக்ஸ் சாமான் மட்டும் விற்கிற நல்ல கடையில் வாங்கு. பெரிய கம்பெனிப் பெயரை ஒட்டிய போலி டப்பாக்கள் இணையத்தில் நிறைய அலைகின்றன.

இப்போது உலோகம். காரீயம் இல்லாத சால்டர் பிடிக்காது என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். தமிழில் நாம் பண்ணிவைத்திருக்கிற குழப்பத்தைப் பார், ஈயமில்லாத ஈயம்! காரீயம் வேறு, வெள்ளீயம் வேறு. அம்மாச்சி ரசம் வைத்த ஈயச்சொம்பு வெள்ளீயம். ஒரு நாள் ரசம் கொட்டிய சொம்பை அணையாத அடுப்பில் வைத்துவிட்டுத் தயிர்க்காரரோடு பேசப் போனார்களே, திரும்பி வருவதற்குள் அடுப்பெல்லாம் வெள்ளிக் குட்டை. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், உள்ளே ரசம் இருக்கும் வரைதான் சொம்பு சொம்பாக நிற்கும். நீ வாங்கப் போகிற ரீலில் 99.3 சதவீதம் அதே வெள்ளீயம், 0.7 செம்பு. உருகுவது 227-ல். அம்மாச்சியின் சொம்பைக் கம்பியாக இழுத்தது என்று வைத்துக்கொள்.

காரீயம் தனியாக உருக 327 டிகிரி வேண்டும். ஆனால் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்த்தால் இரண்டையும்விடக் கீழே, 183-லேயே உருகும். குழைகிற நிலையே இல்லை, உருகினால் தண்ணீர், ஆறினால் கல். 60/40 நடுவில் ஒரு கணம் கூழாக இருக்கும், அந்தக் கணத்தில் கை ஆடினால் ஜாயின்ட் கெட்டது. சுகமான சரக்குதான், இல்லை என்று சொல்லவில்லை. அந்தச் சுகத்துக்கு நீ அயன் முனையை 330-ல் வைத்தால் போதும், காரீயம் இல்லாததற்கு 360 வரை வேண்டும், இன்னும் ஒரு வினாடி பொறுக்க வேண்டும். வித்தியாசம் இவ்வளவுதான். ஆறினதும் பளபளப்பு குறைவாக இருக்கும், அதைப் பார்த்து ட்ரை என்று நினைத்து மறுபடி மறுபடி சுடாதே. செம்போடு துளி நிக்கல் சேர்த்ததும் கிடைக்கும், அது கொஞ்சம் வழவழப்பாக ஆறும், என் ஓட்டு அதற்குத்தான். 3 சதவீதம் வெள்ளி கலந்த 305 இருக்கிறதே, அது 217-லேயே உருகத் தொடங்கும், விலை அதிகம். கடிகாரத்துக்கு வெள்ளி எதற்கு? உங்கள் ஊர் ஜெர்மனிக் கம்பெனிகளில் ஸ்டானல், ஃபெல்டர் இரண்டும் இதே தொழிலில் இருப்பவை, அவற்றில் தேடு. பருமன் 0.8 மில்லிமீட்டர். மிகச் சின்னச் சாமான் வைக்கப் போனால் 0.5 வாங்கிக்கொள்ளலாம். நூறு கிராம் போதும், உன் வேகத்துக்கு இரண்டு வருஷம் வரும்.

மலிவு ரீலை எந்த ஊரிலும் தொடாதே. வெள்ளீயம் காரீயத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் விலை, கைவைக்கிறவன் எதைக் குறைப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் சூப்பர்வைசர் மெஷினுக்கு வரும் ஈயக் கட்டியைக் காதருகே வைத்து வளைப்பார். வெள்ளீயம் நிறைய இருந்தால் உள்ளே நொறுநொறுவென்று சத்தம் கேட்கும், காய்ந்த அப்பளத்தை மெல்ல அழுத்துவது போல. சத்தம் வராத கட்டியைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்.

ஏன் அனுப்ப மாட்டேன் என்பதற்கு வருகிறேன். நாங்கள் வேலை செய்தது முழுக்க 60/40. இரண்டு கையிலும் வேலை இருந்தால் கம்பியைப் பல்லில் கடித்துக்கொள்வோம். மணி அடித்தால் குழாயடியில் விரலை நனைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்போம், சோப்பு என்று ஒன்று வைத்ததே இல்லை. அயன் சூட்டில் காரீயம் ஆவியாகாது, விரலில் ஒட்டி வாய் வழியாகத்தான் போகும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. புகை பிசின் புகை, அது வேறு கணக்கு, மூச்சிரைப்பு வந்து வேலையை விட்டவர்கள் உண்டு. உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு ஏழாம் மாதம் வரை அந்த லைனில் உட்கார்ந்திருந்தேன். வயிற்றுப் பிள்ளையின் மூளையைக் காரீயம் பாதிக்கும் என்று பிறகு தெரிந்த நாளிலிருந்து, நீ கணக்கில் மார்க் குறைந்தால்கூட எனக்குத் தூக்கம் வராது. உன்னிடம் சொன்னதில்லை.

உன் வேலை மேசை, சாப்பாட்டு மேசை, உன் பெண் ஏறி உட்கார்ந்து பிஸ்கட் தின்கிற மேசை எல்லாம் ஒன்றுதான் என்று படத்திலேயே தெரிகிறது. ஒரு ஓரத்தில் அவளுடைய பால் டம்ளர்கூட இருக்கிறது. காரீயம் இல்லாவிட்டாலும் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு, மேசையை ஈரத்துணியால் துடை. ஒரு சின்ன ஃபேனைப் புகையை உன் முகத்திலிருந்து ஜன்னல் பக்கம் இழுக்கிற மாதிரி வை. அவள் தூங்கின பிறகு செய்.

மேல் வரிசையில் இருக்கிற பழைய ஈயத்தைச் செம்புப் பின்னல் நாடா வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஈயம் வை. முதலில் காலையும் செம்பையும் சேர்த்துச் சூடாக்கு, கம்பியை முனையில் தொடாமல் எதிர்ப்பக்கம் கொடு. நாலு வைத்ததும் படம் எடுத்து அனுப்பு. மேலேயிருந்து எடுக்காதே, போர்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் எடு. ஓரம் படிந்திருக்கிறதா, மடிந்திருக்கிறதா என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

அன்புடன்,
அம்மா