இரண்டு வரி எங்கே போனது

அன்புள்ள அம்மிணிக்கு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்ததும் அம்மா கேட்டாள், "அவ அழுதாளா?" என்று. சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிவைத்தேன். அவள் நம்பவில்லை. உன்னைச் சமாதானப்படுத்துவதிலேயே நேரம் போய்விட்டது, விஷயத்தைப் பேசவே இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"இனிமேல் அந்த ஏஐயைத் தொடவே மாட்டேன்ப்பா" என்றாய். அப்படிச் சொல்லாதே கண்ணு. தப்பு எந்த இடத்தில் நுழைந்தது என்று முதலில் பார்ப்போம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: அவ்வளவு வருத்தத்திலும் அந்தக் கணக்கு எந்தக் கம்பெனியுடையது என்று என்னிடம்கூடச் சொல்லாமல், நடந்ததை மட்டும் சொன்னாய். ஆடிட்டர் ஆபீசில் வேலை பழகுகிற பிள்ளை அப்படித்தான் இருக்க வேண்டும்.

நீ சொன்னது இதுதானே. கொள்முதல் ஷீட்டில் பில்லுக்கு ஒரு வரியாக 412 வரி இருந்தது. "இதைச் சுத்தம் செய்து கொடு, டூப்ளிகேட் இருந்தால் எடுத்துவிடு" என்று ஏஐயிடம் கேட்டாய். அது 410 வரி கொடுத்தது. அதை ஜிஎஸ்டிஆர்-2பியோடு, அதாவது விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தருகிற பட்டியலோடு, ஒப்பிட்டுப் பார்த்து, சீனியரிடம் கொடுத்துவிட்டாய். அவர் பார்த்தபோது 27,000 ரூபாய் உள்ளீட்டு வரி (வாங்கும்போது கொடுத்து, பிறகு கழித்துக்கொள்கிற ஜிஎஸ்டி) குறைந்தது. ஒரே நூல் மில், ஒரே தேதி, ஒரே தொகை, மூன்று பில். அதில் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டை அது தூக்கிவிட்டது.

இதைக் கேட்டவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனிக் கணக்கு எழுதியவனுக்கு அது புரியாதா? மில்லில் அறுபது மூட்டை நூல் வாங்கினால் அது ஒரே லாரியில் வரும் என்று சொல்ல முடியாது. சின்ன வண்டி என்றால் இருபது இருபது மூட்டையாக மூன்று நடை வரும். வண்டிக்கு ஒரு பில், வண்டிக்கு ஒரு இ-வே பில் (சரக்கோடு போகிற ஜிஎஸ்டி சீட்டு). மூட்டைக்கு 50 கிலோ, அதே விலை, அதே 5 சதவீதம். மூன்று பில்லிலும் பைசா வித்தியாசம் இருக்காது, பில் நம்பர் மட்டும்தான் வேறு. எங்கள் கேட் செக்யூரிட்டிக்குக்கூட இது தெரியும். ஏஐக்குத் தெரியாது, அது நம் கேட்டில் ஒரு நாளும் நின்றதில்லை. நீ சொல்லியிருந்தால் கேட்டிருக்கும். "விற்றவருடைய ஜிஎஸ்டிஐஎன் நம்பரும் பில் நம்பரும் இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் டூப்ளிகேட் என்று எடுத்துக்கொள். எதையும் அழிக்காதே, பக்கத்துப் பத்தியில் குறித்துக் காட்டு." இவ்வளவுதான் நீ எழுதியிருக்க வேண்டியது.

இன்னொன்றும் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "அது பதில் சொன்னபோது கீழே ஏதாவது எழுதியிருந்ததா?" என்று. நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இரண்டு டூப்ளிகேட் வரிகள் நீக்கப்பட்டன என்று இருந்ததுப்பா, நான் ஃபைலை மட்டும் டவுன்லோடு பண்ணிட்டேன்" என்றாய். அது மறைக்கவில்லை அம்மிணி. நீ படிக்கவில்லை. உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. இருபதாம் தேதிக்குள் 3பி, அதாவது மாத ஜிஎஸ்டி கணக்கு, போட வேண்டும், 2பி வருவதே பதினாலாம் தேதி. நடுவில் ஆறே நாள். அந்த அவசரம் எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் காலத்தில் இந்த ஒப்பீட்டை எப்படிச் செய்தோம் என்று நீ பார்த்ததில்லை. டேலி என்கிற கணக்கு மென்பொருளிலிருந்து ஒரு பிரிண்ட், பார்ட்டி அனுப்பிய ஸ்டேட்மென்ட் ஒரு பிரிண்ட். வரி நழுவாமல் இருக்க மேலே ஒரு அடிஸ்கேல். நான் பில் நம்பரும் தொகையும் வாசிப்பேன், எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் பச்சைப் பென்சிலால் டிக் போடுவார். நூறு வரி தாண்டியதும் தொண்டை கட்டிவிடும், ஆளை மாற்றிக்கொள்வோம். மார்ச் மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, தூங்குகிற உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுத்த நாள்கள் உண்டு. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஒரு வருஷம்கூட நான் வந்ததில்லை. அதெல்லாம் ஆண்டு முடிவுக் கணக்கு நடக்கிற மாதத்திலேயே வரும். இப்போது ஒரு ஃபார்முலா அந்த வேலையை நிமிஷத்தில் செய்கிறது என்றால் எனக்கு வருகிற சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அதை நீ கோபத்தில் வீசிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

கம்ப்யூட்டரில் கட்டம் போட்டுக் கணக்குப் போடுகிற இந்த மாதிரி மென்பொருளில், எக்செலுக்கு முன்னால் வந்தது விசிகால்க். 1979-இல் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் என்ற இரண்டு பேர் செய்தது. பிரிக்லின் ஹார்வர்டில் படித்தபோது, பேராசிரியர் கரும்பலகையில் கட்டம் போட்டுக் கணக்குப் போடுவாராம். ஒரு எண் தப்பினால் அதைத் தொட்டு வருகிற எண்களையெல்லாம் அழித்து அழித்து எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது. மூன்று பத்தி ரொக்க ஏட்டில் ஒரு பக்கம் தப்பி, அடுத்த நாற்பது பக்கத்துக் கூட்டலையும் திருத்தியவன் நான். அவருடைய நோவு எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது மூத்த கணக்குப்பிள்ளை ஒருவர் அதைத் தொடமாட்டேன் என்று வேலையை விட்டுப் போனார். அருமையான மனிதர், அவர் கூட்டலில் நான் ஒரு தப்பு பார்த்ததில்லை. அவர் போனதில் இன்றைக்கும் எனக்கு மனக்கஷ்டம்தான்.

சரி, இனிமேல் என்ன செய்வது என்று சொல்கிறேன். ஷீட்டை ஏஐயிடம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு துண்டுத் தாளில் மூன்று எண்களை எழுதிக்கொள்: எத்தனை வரி, மொத்தத் தொகை எவ்வளவு, ஜிஎஸ்டி தொகை எவ்வளவு. திரும்பி வந்ததும் அந்த மூன்றையும் பார். 412 என்று எழுதியிருந்தால் 410 அங்கேயே உன் கண்ணில் பட்டிருக்கும், சீனியரிடம் போயிருக்காது. நாங்கள் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டி எழுதி, அதையே அடுத்த பக்கத்தின் தலையில் எழுதுவோமே, அதே வேலைதான்.

கூட்டலை அதனிடமே வாயால் கேட்காதே. "இந்த நாற்பது எண்ணையும் கூட்டிச் சொல்" என்று கேட்டால், அடுத்து என்ன சொல் வரும் என்று கணித்துக் கணித்துத்தான் பதில் எழுதும். பெரும்பாலும் சரியாக வரும், சில நேரம் நம்பும்படியாகவே தப்பாக வரும். ஃபார்முலாவை எழுதித் தரச் சொல், கூட்டுவதை எக்செல் செய்யட்டும். அப்புறம் அந்த ஃபார்முலாவை உனக்குப் புரிகிற மாதிரி விளக்கச் சொல். பட்டியலில் தேடி எடுக்கிற விலுக்கப் ஃபார்முலாவை நான் இத்தனை வருஷம் பயந்து பயந்து போட்டேன். அதன் முடிவில் ஃபால்ஸ் என்று போடாமல் விட்டால் ஏன் கன்னாபின்னா என்று விடை வருகிறது என்று போன மாதம் தமிழிலேயே கேட்டேன். அப்படி விட்டால் அது கிட்டத்தட்டப் பொருந்துகிற எண்ணை எடுத்துக்கொள்ளும், பட்டியல் வரிசையாக அடுக்கியிருந்தால்தான் அது சரிப்படும் என்று பொறுமையாகச் சொன்னது. இத்தனை வருஷத்தில் ஒருவரும் எனக்கு அதைச் சொல்லித் தந்ததில்லை.

தேதியை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார். 03/04/2025 என்று நாம் எழுதினால் ஏப்ரல் மூன்று. அமெரிக்க முறையில் படித்தால் அது மார்ச் நாலு. ஒரு நாள் இரண்டு நாள் வித்தியாசம் என்று நினைக்காதே, பில் போன நிதியாண்டுக்கே போய்விடும். ஏஐ வருவதற்கு முன்னாலும் எக்செலில் இந்தத் தொல்லை உண்டு. இப்போது வேகம் கூடியதால் தப்பும் வேகமாக நடக்கிறது.

வரி விகிதத்தை அதனிடம் கேட்டுப் பில் போடாதே. தீபாவளிக்குப் பிறகு சோதித்துப் பார்க்கலாம் என்று, 1,800 ரூபாய் சட்டைக்கு ஜிஎஸ்டி எவ்வளவு என்று கேட்டேன். 12 என்று அடித்துச் சொன்னது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரைக்கும் 5, அதற்கு மேல் 18, 12 என்கிற அடுக்கே போய்விட்டது. அது படித்தது பழைய பாடம். அறிவிக்கையைப் பார்க்கச் சொல்லிக் கேட்டதும் திருத்திக்கொண்டது. ஆனால் தெரியாதவர்கள் கேட்டால் 12 என்றே பில் போட்டிருப்பார்கள்.

அப்புறம், சம்பளப் பட்டியலை அப்படியே ஏற்றிவிடாதே. பெயர், பான், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதில் இருக்கிறது. அது அந்தத் தொழிலாளிகளுடையது, நம்முடையது இல்லை. ஆபீஸ் கணினிகளில் இந்த மாதிரி ஏஐ செயலிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று மத்திய நிதி அமைச்சகமே 2025 ஜனவரியில் தன் ஊழியர்களுக்குச் சொன்னது. உன் ஆபீசில் எதற்கு அனுமதி இருக்கிறது என்று சீனியரிடம் நேராகக் கேள். ஃபார்முலா மட்டும் வேண்டுமென்றால் ஷீட்டே தேவையில்லை. "ஏ பத்தியில் ஊழியர் எண், பி பத்தியில் வேலை நாள்" என்று சொன்னாலே போதும்.

சீனியர் மற்றவர்கள் முன்னால் கேட்டார் என்பதுதான் உனக்கு ரொம்ப வலித்தது, எனக்குத் தெரியும். ஒன்று சொல்கிறேன். ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்று இரண்டு பெரிய பொருளாதாரப் பேராசிரியர்கள். நாட்டின் கடன் அளவுக்கு மீறினால் வளர்ச்சி விழுந்துவிடும் என்று 2010-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பல நாட்டு அரசியல்வாதிகள் அதைக் காட்டிப் பேசினார்கள். 2013-இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அவர்களிடமே எக்செல் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கிற ஃபார்முலா 49-ஆம் வரி வரை போக வேண்டியது, 44-இலேயே நின்றிருந்தது. ஐந்து நாடுகள் கணக்கில் விட்டுப்போயிருந்தன. அன்றைக்கு இந்த மாதிரி ஏஐ எதுவும் இல்லை. நீ இரண்டு வரி விட்டாய், அதே நாளில் பிடித்தும்விட்டார்கள். நாளைக்குப் போனதும் அவரிடம், எதனால் விட்டுப்போனது, இனி எப்படிச் சரிபார்ப்பேன் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடு. ஏஐயை வைத்துச் செய்தேன் என்பதையும் மறைக்காதே.

அம்மா தேங்காய் பர்பியும் பருப்புப் பொடியும் பார்சல் போட்டிருக்கிறாள், வெள்ளிக்கிழமை வந்துவிடும். ராத்திரி பன் சாப்பிட்டுவிட்டுப் படுக்காதே.

எனக்கும் உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. நான் பாதி நாள் போகிற கம்பெனியில் பாக்கிப் பட்டியல் ஒன்று போட்டிருக்கிறேன். 30 நாள், 60 நாள், 90 நாள் என்று பிரிக்க ஏஐதான் ஃபார்முலா கொடுத்தது. எல்லாம் நன்றாக வருகிறது, சரியாக 60-ஆவது நாளில் இருக்கிற பில் மட்டும் இரண்டு பத்தியிலும் விழுகிறது. மொத்தம் கூட்டினபோது 18,400 ரூபாய் அதிகம் வந்தது, அதனால்தான் கண்டுபிடித்தேன். எங்கே சமக்குறி அதிகமாகப் போட்டிருக்கிறது என்று நான் தேடிப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ கூப்பிடும்போது கிடைக்கவில்லை என்றால், ஃபார்முலாவை மட்டும் வாசிக்கிறேன், நீ சொல்லிக் கொடு.

அன்புடன்,
அப்பா