21 என்ற கணக்கு

தென்காசி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேரன் வந்திருந்தான். அவனை அருவிக்குக் கூட்டிப்போவதும், சளி பிடித்த பிறகு அவன் அம்மாவிடம் திட்டு வாங்குவதுமாக நாள் போய்விட்டது. சாரல் இந்த வருஷம் பரவாயில்லை.

கடைசிப் பக்கத்து ஓரத்தில் பொடி எழுத்தில் நெருக்கி எழுதியிருந்தாயே, அதற்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். மாதம் 21 தடவை விந்து வெளியேறினால் புராஸ்டேட் (ஆண்களுக்கு மூத்திரப்பைக்கு அடியில் இருக்கிற சுரப்பி) புற்றுநோய் வராது என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினானாம். "சரோஜா போய் ஒன்பது வருஷம் ஆச்சு, அப்போ எனக்கு நிச்சயம்தானா?" என்று கேட்டிருக்கிறாய். வேடிக்கை மாதிரிதான் எழுதியிருக்கிறாய். உன்னை எனக்குத் தெரியாதா?

மகளிடம் கேட்க முடியாத விஷயம் என்பதால் நானே தேடிப் படித்தேன். சங்கதி முழுப் பொய் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1992இல் பல் டாக்டர், மருந்தாளுநர், கால்நடை டாக்டர் என்று 31,925 அமெரிக்க ஆண்களிடம் இதை எழுதிக் கேட்டார்கள். இருபதுகளில் மாதம் எத்தனை தடவை, நாற்பதுகளில் எத்தனை, போன வருஷம் எத்தனை? மனைவியோடு, தனியாக, தூக்கத்தில், எல்லாம் ஒரே கணக்கு. பிறகு 2010 வரை கவனித்ததில் 3,839 பேருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வந்திருந்தது. 21 தடவைக்குக் குறையாது என்று எழுதியவர்களுக்கு, 4 முதல் 7 என்று எழுதியவர்களைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வாட்ஸ்அப்காரன் அந்த 21ஐ மட்டும் பிடித்துக்கொண்டான்.

அப்படிக் குறைந்திருந்ததும் பெரும்பாலும் மெதுவாக வளரும் ரகம்தான். ஆளைக் கொல்லும் ரகத்தில் தெளிவான வித்தியாசம் இல்லை. அப்புறம், இருபது வயதுக் கணக்கை அறுபதில் கேட்டால் நீ என்ன எழுதுவாய்? நான் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவேன். 2003இல் மெல்போர்ன் ஆய்வு இளமையில் அடிக்கடி என்றால் நல்லது என்றது. சில வருஷம் கழித்து இங்கிலாந்தில் நாட்டிங்காமில் கேட்டபோது, இருபதுகளில் அடிக்கடி சுய இன்பம் செய்தவர்களிடம் நோய் கூடுதலாகத் தெரிந்தது, ஐம்பதுகளில் செய்தவர்களிடம் குறைவாக! இதை வைத்துக்கொண்டு தனியாக வாழ்கிற மனுஷன் எவனும் பயப்பட வேண்டியதில்லை.

பாளையங்கோட்டை ஹாஸ்டலில் 'விந்து விட்டவன் நொந்து கெட்டான்' என்று எவனோ சொல்லப்போய், லாட்ஜில் தங்கியிருந்த வைத்தியரிடம் மெஸ் பணத்தைக் கொடுத்துவிட்டு நீயும் நானும் லேகியம் வாங்கி வந்தது ஞாபகம் இருக்கிறதா? அப்போது விட்டதற்குப் பயந்தோம், இப்போது விடாததற்குப் பயமா?

நீ பயப்படுகிற இடம்தான் தப்பு. உன் பெரிய அண்ணனுக்கு இதே நோய்க்குத்தானே ஆபரேஷன் ஆனது? அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அப்பாவுக்கோ கூடப்பிறந்தவனுக்கோ வந்திருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பு. இதற்கு வாட்ஸ்அப் ஆதாரம் வேண்டியதில்லை, டாக்டர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டது. ராத்திரி மூன்று தடவை எழுந்து போகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். அது வயதானால் சுரப்பி வீங்குவதாலும் வரும், அதுதான் அதிகம். ஆனாலும் பார்த்துவிடு.

பி.எஸ்.ஏ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. போன வருஷம் நான் செய்துகொண்டேன். நாலுக்கு மேல் போனால் கவனிக்கச் சொல்வார்கள், எனக்கு 4.6. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. டாக்டரோ நிதானமாக, "டெஸ்ட்டுக்கு முந்தின ரெண்டு நாளில் வீட்டில்... ஏதாவது?" என்றார். பக்கத்தில் இவள் உட்கார்ந்திருக்கிறாள். நான் கூரையைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள். பி.எஸ்.ஏ. என்பது விந்தை இளக்குவதற்காக அந்தச் சுரப்பி சுரக்கிற புரதம். விந்து வெளியேறிய கையோடு அது ரத்தத்திலும் கொஞ்சம் ஏறி நிற்குமாம். லேபில் ரத்தம் எடுத்தவர் இதைக் கேட்கவே இல்லை. சில வாரம் கழித்து மறுபடி பார்த்ததில் 3.1. வீட்டுக்கு வருகிற வழி முழுக்க இவள் ஒரு வார்த்தை பேசவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சிரித்தாள்.

ஆகவே வருகிற வியாழக்கிழமை காலை வண்டியில் கிளம்பி வா. அண்ணனின் பழைய ரிப்போர்ட்டை மதினியிடம் கேட்டு வாங்கி வா, டாக்டர் கேட்பார். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அந்தச் சைக்கிளைத் தொடாதே, அதை அழுத்தி மிதித்தாலும் அளவு ஏறுமாம். மற்றதை நான் கேட்கப்போவதில்லை, ஆனால் அதற்கும் அதே இரண்டு நாள் விடுமுறை. மத்தியானம் இங்கேதான் சாப்பாடு, சொதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன்,
கணேசன்