கண்ணாடி வழியே வரும் வெயில் ஆமைக்குப் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய், பூனை வளர்க்க இடமில்லாத அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு ஆமையும் பாலைவனப் பல்லிகளும் தொல்லை தராத செல்லப்பிராணிகள் என்று கூறும் கட்டுரையைத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் படித்தேன். அவை குரைப்பதில்லை, முடி உதிர்ப்பதில்லை, காலை மாலை வெளியே அழைத்துச் செல்ல வேண்டியதில்லை என்று அதில் சொல்லப்பட்டவை எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த உயிர்கள் நலமாக வாழ என்ன வேண்டும் என்பதைப் பற்றி அக்கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. சென்னையில் கால்நடை மருத்துவராக இருக்கும் நான், அந்த விடுபட்ட பகுதியை எழுதியாக வேண்டும் என்று கருதுகிறேன்.

அண்மையில் ஒரு குடும்பத்தினர், தாடி ஓணான் என்றும் பியர்டெட் டிராகன் என்றும் அழைக்கப்படும் பல்லியைக் காலணி அட்டைப்பெட்டியில் வைத்து என்னிடம் கொண்டுவந்தார்கள். ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியைத் தாயகமாகக் கொண்ட இனம் அது. கீழ்த்தாடையை விரல் நுனியால் மெல்ல அழுத்தியதும் எலும்பு ரப்பரைப் போல வளைந்தது. முன்னங்கால் விரல்கள் தாமாகவே துடித்துக்கொண்டிருந்தன. பின்னங்கால்களை ஊன்ற முடியாமல் வயிற்றால் இழுத்துக்கொண்டு நகர்ந்தது. அந்தக் குடும்பத்தினர் அலட்சியக்காரர்கள் அல்லர். வேளை தவறாமல் இரை கொடுத்திருக்கிறார்கள். தொட்டியைத் தினமும் சுத்தம் செய்திருக்கிறார்கள். நல்ல வெயில் விழும் ஜன்னலோரமாகப் பார்த்துத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அந்த ஜன்னலில் கண்ணாடி இருந்தது என்பதே நோய்க்குக் காரணம்.

பகலில் நடமாடும் ஊர்வனவற்றின் தோலில் சூரிய ஒளியின் புற ஊதா பி கதிர் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். அந்த வைட்டமின் இருந்தால்தான் தின்ற உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் உறிஞ்சும். சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடுமே தவிர, இந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். எனவே நம் கண்ணுக்கு வெயிலில் சுகமாகக் காய்வதுபோல் தெரியும் பல்லி, உள்ளுக்குள் சுண்ணாம்புச் சத்தின்றி வாடுகிறது. இரத்தத்தில் குறையும் அளவை ஈடுகட்ட உடல் தன் எலும்பிலிருந்தே அதை எடுக்கத் தொடங்குகிறது. தாடை மென்மையாகிறது, கால் எலும்பு முறிகிறது, முதுகெலும்பு வளைகிறது. இந்தப் புற ஊதா பி கதிரைத் தரும் யூவிபி விளக்குகள் கடைகளில் கிடைக்கின்றன, அவை இதற்கு உதவும் என்பது சரியே. ஆனால் பெரும்பாலான யூவிபி விளக்குகளில் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் அந்தக் கதிர் வலுவிழந்துவிடுகிறது, வெளிச்சம் மட்டும் வழக்கம்போல் தொடர்கிறது. எரிகின்ற விளக்கை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பவர்களே என்னிடம் வருபவர்களில் அதிகம்.

பாலைவனப் பல்லிக்கு நம் ஊர் வெப்பம் ஒத்துவரும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. பாலைவனம் வெப்பமான இடம் என்பதோடு வறண்ட இடமும்கூட. தாடி ஓணானுக்கு வெயில் காயும் இடத்தில் 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடும், தொட்டியின் மறுமுனையில் 25 டிகிரி அளவில் குளிர்ச்சியும், காற்றில் 30 முதல் 40 சதவீத ஈரப்பதமும் வேண்டும். வேண்டிய சூட்டைத் தானே இடம் மாறித் தேடிக்கொள்ளும் உயிருக்கு, தொட்டி முழுவதும் ஒரே சூடாக இருப்பது பெரும் துன்பம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுகிறது. கார்த்திகை மாதத்தில் என்னிடம் வரும் பல்லிகள் பெரும்பாலும் மூச்சுத் திணறலோடும் தோல் தொற்றோடும் வருவதற்கு இதுவே காரணம்.

இனி ஆமைக்கு வருகிறேன். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொல்லிவந்த நாம், இன்று அதே ஆமை வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்று யாரோ சொல்ல, விலை கொடுத்து வாங்கி வைக்கிறோம். அவ்வாறு வாங்கப்படுவது பெரும்பாலும் நட்சத்திர ஆமை. தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகத்தின் வறண்ட முட்புதர்க் காடுகளிலும், குஜராத், ராஜஸ்தான் பகுதிகளிலும், இலங்கையின் உலர் வலயத்திலும் வாழும் இனம் அது. புல்லும் இலைகளும் உதிர்ந்த பூவும் பழமும் அதன் உணவு. நம் வீடுகளில் அதற்குக் கிடைப்பதோ சோறு, ரொட்டி, வெள்ளரிக்காய், பல வீடுகளில் நாய்க்கு வாங்கிய பெல்லட் தீவனமும். நார்ச்சத்தற்ற இந்த உணவாலும், வெயிலும் போதிய நீர்ச்சத்தும் இல்லாததாலும் ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் கூம்பாகப் புடைத்துக்கொள்கிறது; அலகு தேயாமல் வளைந்து வாயை மூட முடியாமல் போகிறது. புடைத்த ஓட்டை அழகென்று எண்ணி மகிழ்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். ஒருமுறை அவ்வாறு உருமாறிய ஓட்டை எந்த மருந்தாலும் பழையபடி ஆக்க முடியாது.

நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்பதையும் அக்கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு நான்காம் அட்டவணையில் இருந்த இந்த இனம், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் முதல் அட்டவணைக்கு உயர்த்தப்பட்டது. அத்திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதற்கான தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறையும், 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் ஆகும். பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையும் 2019இல் இதைத் தன் முதல் பட்டியலில் சேர்த்தது. இத்தனைக்குப் பிறகும் உலகில் மிக அதிகமாகக் கடத்தப்படும் ஆமைகளுள் ஒன்றாக இது நீடிக்கிறது. நம் சென்னை விமான நிலையம் அந்தக் கடத்தலின் முக்கிய வாயில்களில் ஒன்றாக இருப்பது வேதனைக்குரியது. துணியிலும் ஒட்டுநாடாவிலும் சுற்றி, கால்களை அசைக்க முடியாதபடி பெட்டிகளில் அடுக்கி அனுப்புகிறார்கள். பருவமடையப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, ஒரு தடவைக்குச் சில முட்டைகளே இடும் இனம், இவ்வாறு அள்ளப்பட்டால் தன்னை ஈடுசெய்துகொள்ள இயலாது.

பாலைவனப் பல்லிகள் படும் பாட்டுக்கும் நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தார் பாலைவனத்தில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் முள்வால் பல்லியை, அதன் வாலில் உள்ள கொழுப்புக்காகப் பிடித்து, உயிரோடு முதுகெலும்பை முறித்து வைத்து, சாண்டா எண்ணெய் என்று தெருவோரங்களில் விற்கும் கொடுமை நெடுங்காலமாக நடந்துவருகிறது. மூட்டுவலியையோ ஆண்மைக் குறைவையோ அந்த எண்ணெய் குணப்படுத்தும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. இலையும் தளிரும் தின்று வாழும் அந்தச் சாதுவான பல்லியைச் செல்லப்பிராணியாக வைத்திருப்பதற்கும் சட்டத்தில் இடமில்லை.

அயல்நாட்டு இனங்கள் விஷயத்தில் சட்டம் சற்று வேறானது. சைட்ஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றை மத்திய அரசின் பரிவேஷ் 2.0 தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. குட்டி பிறந்தாலும், இறந்தாலும், வேறொருவருக்குக் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். சல்கட்டா என்று விற்கப்படும் ஆப்பிரிக்க ஆமை இந்தப் பதிவுக்கு உட்பட்டது. உள்ளங்கையில் அடங்கும் குட்டியாக அதை வாங்குபவரிடம், சகாரா பாலைவனத்தின் தென் விளிம்பைச் சேர்ந்த அந்த ஆமை 40 கிலோவுக்கு மேல் வளரும் என்பதையோ, மண்ணை ஆழமாகத் தோண்டி வளை அமைக்கும் இயல்புடையது என்பதையோ, வாங்கியவரின் பேரப்பிள்ளைகள் காலம்வரை வாழக்கூடும் என்பதையோ யாரும் சொல்வதில்லை. ஆவணம் சரியாக இருப்பதால் மட்டும் இரண்டு படுக்கையறை கொண்ட வீடு அதற்கு உகந்த இடமாகிவிடாது.

வளர்க்க முடியாமல் போனால் குளத்தில் விட்டுவிடலாம் என்று நினைப்போருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். நாணய அளவில் வாங்கிவந்து, தட்டளவு வளர்ந்ததும் நீர்நிலைகளில் விடப்படும் சிவப்புக் காது ஆமை, அயலிலிருந்து புகுந்து உள்ளூர் உயிரினங்களை நெருக்கி அழிக்கும் ஊடுருவும் இனங்களில் உலகின் மிக மோசமான 100இன் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. நட்சத்திர ஆமையைக் காட்டில் விடுவதும் அதற்குச் செய்யும் நன்மையாகாது. தென்னகத்து ஆமைகளும் வடமேற்கு இந்திய ஆமைகளும் மரபணுவில் வேறுபட்டவை. எங்கிருந்து பிடிக்கப்பட்டது என்று அறியாமல் விட்டால் இரண்டும் கலந்துபோகும், வீட்டில் தொற்றிய நோயும் காட்டு ஆமைகளுக்குப் பரவும்.

ஏற்கெனவே சட்டப்படி ஊர்வனவற்றை வைத்திருப்பவர்கள் நாளும் சிறிது நேரம், நிழலுக்கு ஒதுங்க இடம் வைத்து, கண்ணாடி மறைப்பின்றி நேரடி இளவெயிலில் அவற்றை விட வேண்டும். தொட்ட பின் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி ஆமைகளிடமிருந்து சிறு பிள்ளைகளுக்குத் தொற்றியதன் காரணமாகவே, நான்கு அங்குலத்துக்கும் குறைவான ஓடுடைய ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975இல் தடை செய்தது. பிள்ளைகளுக்கு ஆமை காட்ட விரும்பும் பெற்றோர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு அழைத்துச் செல்லலாம். அரிய ஆமை இனங்கள் பலவற்றை அங்கே காணலாம்.

வனத்துறைக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. நட்சத்திர ஆமையை அறியாமல் வாங்கிவிட்ட குடும்பங்கள் பல, வழக்குக்கு அஞ்சி அதை ஒப்படைக்காமல் மறைத்து வைத்திருக்கின்றன. நோய் முற்றிய பிறகும் மருத்துவரிடம் கொண்டுவரத் தயங்குகின்றன. அயல்நாட்டு உயிரினங்களை ஆவணம் கேட்காமல் அறிவிக்க, 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அரசு ஆறு மாத அவகாசம் வழங்கியது. அதுபோன்ற ஓர் அவகாசத்தை நட்சத்திர ஆமைக்கும் பெற்றுத் தர வனத்துறை முயல வேண்டும். மாவட்டத்துக்கு ஓர் ஒப்படைப்பு மையத்தையும் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு வரும் நாளில், ஞாயிறு இணைப்பில் அக்கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவில் தாங்கள் அதை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் ஒருவர்,
சென்னை